நிர்வாகி இடுப்பில் சாவி தொங்கும்போது மேயர் தேர்தலுக்கு என்ன மதிப்பு?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 120 பேர் இணையத்தில் கூடி விளையாடும் ஒரு கற்பனை நகர சர்வர். போன மாதம் மேயர் தேர்தல் வைத்தீர்கள், மூன்று பேர் நின்றார்கள். ஜெயித்தவர் இரண்டே வாரத்தில் சலித்து ஒதுங்கிவிட்டார். தோற்ற அணியில் பாதிப் பேர் சர்வரை விட்டே போய்விட்டார்கள். “அடுத்த தேர்தலுக்கு எந்த வாக்கு முறை நல்லது?” என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். புதிய மேயர் கடைகளுக்கு விதித்த வரியை, விளையாட்டின் சமநிலை கெடுகிறது என்று சொல்லி அன்றிரவே சர்வரை இயக்கும் நிர்வாகி ஒருவர் நீக்கிவிட்டாராம். உங்கள் உண்மையான கேள்வி அந்த வரிக்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எல்லாச் சாவியும் நிர்வாகியின் இடுப்பில் தொங்கும்போது மக்கள் போடும் ஓட்டுக்கு என்ன மதிப்பு? வாக்கு முறைக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் அது இதற்குப் பிறகுதான்.

நான் நேஷன்ஸ்டேட்ஸ் என்ற, கற்பனை நாடுகளை நடத்தும் இணைய விளையாட்டின் ஒரு மண்டலத்தில் ஆறு ஆண்டுகள் தேர்தல் அலுவலராக இருந்தேன். பிறகு ஒரு மைன்கிராப்ட் நகர சர்வரில் அதே வேலையைப் பார்த்தேன். இரண்டையும் சேர்த்தால் இருபதுக்கு மேற்பட்ட தேர்தல்கள். இருநூறு பேருக்கு மேல் வாக்களித்த தேர்தல் எதையும் நான் நடத்தியதில்லை. ஆகவே சிறிய சமூகங்களைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். பெரியவற்றைப் பற்றிச் சொல்வதெல்லாம் பதிவுகளைப் படித்து அறிந்தது.

உங்கள் சிக்கல் புதியதல்ல. இணைய விளையாட்டுகளுக்கு முகமும் நிறமும் வருவதற்கு முன்பே ஒருவர் இதில் மாட்டிக்கொண்டார். 1990-இல் அமெரிக்காவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பவெல் கர்டிஸ் என்பவர் லாம்டாமூ என்ற உலகத்தைத் தொடங்கினார். அதில் படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். ஒரு பெரிய வீடு, அதன் கூடம், தோட்டம், அதில் உலவும் மனிதர்கள் எல்லாமே திரையில் ஓடும் வரிகள். நிர்வாகிகளுக்கு அங்கே மந்திரவாதிகள் என்று பெயர். ஆட்கள் பெருகப் பெருகச் சண்டையும் பெருகியது, ஒவ்வொரு பஞ்சாயத்தும் மந்திரவாதிகளிடமே வந்து நின்றது. 1992 டிசம்பரில் கர்டிஸ் ஓர் அறிவிப்பு எழுதினார். இனி மந்திரவாதிகள் தொழில்நுட்பப் பராமரிப்பை மட்டும் பார்ப்பார்கள், மனிதர்களுக்குள் நடக்கும் தகராறுகளை மனிதர்களே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம்.

சில மாதங்களில் ஒரு பயனர், கூடத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர்களின் கதாபாத்திரங்கள் மீது எழுத்தால் பாலியல் வன்முறை நிகழ்த்தினார். பாதிக்கப்பட்டவர்கள் நீதி கேட்டார்கள். மக்கள் கூடினார்கள், மணிக்கணக்கில் பேசினார்கள். ஆனால் பேச்சை முடிவாக மாற்ற எந்த வழியும் அங்கே இல்லை. தண்டிக்கும் சக்தி உள்ளவர்கள் ஒதுங்கியிருந்தார்கள், தண்டனை கேட்டவர்களுக்குச் சக்தி இல்லை. கடைசியில் ஒரு மந்திரவாதி தன் சொந்தப் பொறுப்பில் அந்தக் கணக்கை அழித்தார். அதன் பிறகுதான் கர்டிஸ் ஒரு முறையான அமைப்பைக் கொண்டுவந்தார். யார் வேண்டுமானாலும் மனு எழுதலாம். போதிய கையெழுத்து சேர்ந்தால், செய்யக்கூடியதுதானா என்று மந்திரவாதிகள் சரிபார்ப்பார்கள். பிறகு பொது வாக்கெடுப்பு. எதிர்ப்பு ஓட்டைப் போல் இரு மடங்கு ஆதரவு கிடைத்தால் அதை மந்திரவாதிகள் நடைமுறைப்படுத்த வேண்டும். அது உண்மையான ஜனநாயகம்தான், சில காலம் உயிரோடும் இருந்தது. 1996-இல் மந்திரவாதிகள் மறுபடி ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். தொழில்நுட்ப முடிவு வேறு, சமூக முடிவு வேறு என்று கோடு கிழித்தது நிற்கவில்லை, இனி தேவைப்படும் இடத்தில் நாங்கள் முடிவெடுப்போம் என்று சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் நிர்வாகி “சமநிலை” என்று சொன்னாரே, அது இதே கோடுதான். வரி அவருக்குத் தொழில்நுட்பம், மேயருக்கு அரசியல். இருவருமே பொய் சொல்லவில்லை. விளையாட்டு உலகத்தில் பொருளாதாரம், நிலம், தண்டனை என்று எதைத் தொட்டாலும் அது ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருக்கும். அந்தக் கோட்டை முன்கூட்டியே, பொருள் வாரியாக, எழுத்தில் வரையாவிட்டால் ஒவ்வொரு முறையும் சாவி வைத்திருப்பவரே அதை வரைவார். இதை நான் உறுதியாகச் சொல்வேன். லாம்டாமூவில் அது நடந்தது, நான் பணியாற்றிய இரண்டு இடங்களிலும் சிறிய அளவில் நடந்தது, இப்போது உங்களிடம் நடந்திருக்கிறது.

நேஷன்ஸ்டேட்ஸ் இதற்கு நேரெதிர் பக்கம். ஆஸ்திரேலிய எழுத்தாளர் மேக்ஸ் பேரி 2002-இல் தன் நாவலுக்கு விளம்பரமாகத் தொடங்கிய விளையாட்டு அது. ஆளுக்கொரு நாட்டை உருவாக்கி, மண்டலங்களில் குடியேறுவார்கள். எத்தனை நாடு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் உலகப் பேரவையில் ஒருவருக்கு ஒரே நாடுதான் உறுப்பினராகலாம். பேரவை உறுப்பினர்கள் தங்கள் மண்டலத்தில் உள்ள பிற உறுப்பினர்களுக்கு ஆதரவு தருவார்கள். அதிக ஆதரவு பெற்ற நாடு, நாளுக்கு இருமுறை நடக்கும் புதுப்பிப்பின்போது அந்த மண்டலத்தின் பிரதிநிதி ஆகிவிடும். புதிய நாடுகள் பிறக்கும், பெயரில் பசிபிக் என்று வரும் பெரிய மண்டலங்களில் அவற்றை நிறுவியவர் என்று ஒருவர் கிடையாது. அங்கே பிரதிநிதிதான் எல்லாம், வேண்டாதவர்களை வெளியே தள்ளவும் தடை செய்யவும் அவரால் முடியும்.

இதன் விளைவைப் பாருங்கள். விளையாட்டுக்கு வெளியே, இணைய விவாத மன்றங்களில், வீரர்கள் அரசியல் சாசனம் எழுதினார்கள், நீதிமன்றம் அமைத்தார்கள், தேர்தல் நடத்தினார்கள். வட பசிபிக்கில் பிரதிநிதி பதவிக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை தேர்தல் நடக்கிறது. ஆனால் விளையாட்டு இயந்திரத்துக்கு, அதாவது விளையாட்டை ஓட்டும் நிரலுக்கு, அந்தச் சாசனம் இருப்பதே தெரியாது. அதற்குத் தெரிந்தது ஆதரவு எண்ணிக்கை மட்டும். தேர்தலில் தோற்றவர் நாற்காலியை விட்டு இறங்க மறுத்தால் இயந்திரம் அவர் பக்கம் நிற்கும். 2003-இல் பசிபிக் மண்டலத்தில் ஆதரவு திரட்டிப் பிரதிநிதியான ஒருவர் எதிர்ப்பவர்களை வெளியேற்றி, நியூ பசிபிக் ஆர்டர் என்ற ஆட்சியை அறிவித்தார். அந்த அமைப்பு பல ஆண்டுகள் நிலைத்தது. அதற்குப் பிறகு மற்ற மண்டலங்கள் பலவும் இந்த ஆபத்தை மனத்தில் வைத்தே சட்டம் எழுதின.

அவர்கள் கண்ட தீர்வு எனக்கு இன்றும் அழகாகப் படுகிறது. துணைப் பிரதிநிதி ஒருவரை எப்போதும் ஆதரவு எண்ணிக்கையில் இரண்டாம் இடத்தில் வைத்திருப்பார்கள். நம்பகமான சிலரைக் கொண்ட பாதுகாப்புக் குழு ஒன்று அவருக்கு அடுத்தடுத்த இடங்களில் இருக்கும். பிரதிநிதி சட்டத்தை மீறினால் மக்கள் ஆதரவை மாற்றிப் போட்டு அவரை இறக்க முடியும். காகிதத்தில் இருந்த சட்டத்துக்கு இயந்திரத்துக்குள் ஒரு பல் கிடைத்தது. ஆட்சி மாறும் நாள்கள்தான் எங்களுக்கு மிகவும் பதற்றமானவை. ஜெயித்தவரின் பெயரை அறிவித்த பிறகு, நூற்றுக்கணக்கானவர்களுக்கு “பழையவரிடமிருந்து ஆதரவை எடுத்துப் புதியவருக்குக் கொடுங்கள்” என்று ஒவ்வொருவராகச் செய்தி அனுப்புவோம். பழைய பிரதிநிதியும் எங்களோடு உட்கார்ந்து, தன்னைக் கீழிறக்கும்படி அதே செய்தியைத் தானே அனுப்புவார். எந்த இயந்திரமும் அவரை அதற்குக் கட்டாயப்படுத்தவில்லை.

சிவ்கிராப்ட் என்ற மைன்கிராப்ட் சர்வர் 2012-இல் இதையே இன்னொரு வழியில் செய்தது. அழிம்பு செய்பவர்களை நிர்வாகிகள் தண்டிக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக வீரர்கள் கையிலேயே கருவி கொடுத்தார்கள். ஒருவரைச் சண்டையில் வீழ்த்தினால் அவரை ஒரு முத்துக்குள் சிறைவைக்கலாம். அந்த முத்து யாரிடம் இருக்கிறதோ அவரே சிறைக்காவலர். நகரங்களின் நீதிமன்றத் தீர்ப்புக்கு அங்கே மதிப்பு வந்ததற்கு இதுவே காரணம்.

உங்கள் நிர்வாகிகள் இவ்வளவு தூரம் வரமாட்டார்கள் என்றால், ஈவ் ஆன்லைன் மாதிரி ஒன்று இருக்கிறது. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-இல் தொடங்கிய விண்வெளி விளையாட்டு. 2007-இல் அந்நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் தன் சொந்தக் குழுவுக்கு, பொருள்களைத் தயாரிக்கத் தேவைப்படும் அரிய வடிவமைப்பு வரைபடங்களைக் கொடுத்தது வெளியே வந்து பெரும் கோபம் கிளம்பியது. நம்பிக்கையை மீட்க, வீரர்கள் தேர்ந்தெடுக்கும் விண்மீன் மேலாண்மைக் கவுன்சில் என்ற அமைப்பைக் கொண்டுவந்தார்கள். 2008-இல் முதல் தேர்தல், ஒன்பது உறுப்பினர்கள். ஓட்டுப் போட்டவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான். அந்தக் கவுன்சிலுக்கு எதையும் மாற்றும் அதிகாரம் இல்லை. ஆலோசனை சொல்லலாம், ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வரவிருக்கும் மாற்றங்களை முன்கூட்டியே பார்க்கலாம், ரெய்க்யாவிக் சென்று நேரில் பேசலாம். 2011 கோடையில் விளையாட்டுக் கடையில் விற்கப்பட்ட அலங்காரப் பொருள்களின் விலையும், நிறுவனத்துக்குள் மட்டும் சுற்றவேண்டிய, ஆனால் வெளியே கசிந்த ஓர் இதழும் வீரர்களைக் கொதிக்க வைத்தபோது, நிறுவனம் கவுன்சிலை அவசரமாக அழைத்துப் பேசியது. அதே ஆண்டு அக்டோபரில் தலைமை நிர்வாகி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அதில் கவுன்சிலின் பங்கு எவ்வளவு, கணக்கை மூடிவிட்டுப் போனவர்களின் பங்கு எவ்வளவு என்பதில் வீரர்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு. பின்னதே பெரிது என்பது என் எண்ணம். ஆனால் இவ்வளவுதான் எங்கள் அதிகாரம் என்று முதல் நாளிலேயே தெரிந்திருந்ததால், கவுன்சில் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. உங்கள் மேயருக்கு அந்த நேர்மைகூடக் கிடைக்கவில்லை. மேயர் என்று பெயர் கொடுத்து, ஆலோசகரின் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறீர்கள்.

இப்போது வாக்கு முறை. மூன்று பேர் நின்று, அதிக ஓட்டுக்காரர் ஜெயித்தார் என்றால், அவருக்கு எதிராகவே பெரும்பான்மை இருந்திருக்கலாம். ஒரே பதவி என்றால் விருப்ப வரிசை வாக்கு நல்லது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டு, கடைசி இடத்தில் இருப்பவரின் ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றி எண்ணுவது. நம் மாநிலங்களவைத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் எண்ணிடுவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த முறைதான். ஈவ் கவுன்சிலும் 2013-இல் இத்தகைய முறைக்கு மாறியது. பெரிய கூட்டணிகள் ஒழுங்காக ஓட்டுப் பிரித்து இடங்களை அள்ள, சிறிய குழுக்களின் ஓட்டு சிதறி வீணானது அதற்கு ஒரு காரணம். ஆனாலும் ஒழுங்காகத் திரளும் கூட்டணியை எந்த முறையாலும் முழுமையாகத் தடுக்க முடியாது. 120 பேரில் நாற்பது பேர் ஒரே நண்பர் வட்டம் என்றால் ஜெயிக்கும் வாய்ப்பு அவர்களுக்கே அதிகம்.

கள்ள ஓட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரும். நேஷன்ஸ்டேட்ஸில் ஒருவருக்கு ஒரு பேரவை உறுப்பினர் என்ற விதி இருந்ததால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். ஈவில் ஓட்டு கணக்குக்கு உரியது, பல கணக்குக்குப் பணம் கட்டியவருக்குப் பல ஓட்டு. அதை அவர்கள் மறைக்கவுமில்லை. உங்கள் சர்வரில், தேர்தலை அறிவிக்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே சேர்ந்து, குறிப்பிட்ட நேரம் விளையாடியவர்களுக்கு மட்டும் ஓட்டு என்று வையுங்கள். இணைய முகவரி ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளி ஆக்காதீர்கள். விடுதியில் ஒரே வைஃபையை முப்பது பேர் பயன்படுத்துவார்கள். கைப்பேசி இணையத்தில் முன்பின் தெரியாத பலருக்கு ஒரே முகவரி வரும். அண்ணன் தம்பி இருவரை நான் ஒருமுறை இப்படித் தவறாக நீக்கினேன். அவர்கள் திரும்ப வரவேயில்லை. அது இன்றும் எனக்கு வருத்தம்.

ரகசிய வாக்குக்கு நான் கையாண்ட வழி எளியது. ஒவ்வொருவரும் தன் ஓட்டோடு ஒரு ரகசியச் சொல்லையும் தேர்தல் அலுவலருக்குத் தனிச் செய்தியாக அனுப்ப வேண்டும். முடிவில் பெயரில்லாமல், சொல்லும் ஓட்டும் மட்டும் கொண்ட பட்டியலை வெளியிடுவோம். தன் ஓட்டு சரியாக எண்ணப்பட்டதா என்று எவரும் பார்த்துக்கொள்ளலாம். இதில் ஒரு குறை உண்டு. ஓட்டை விற்பவருக்கு அந்தச் சொல்லே ரசீது. காசு புழங்காத இடத்தில் அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

தோற்றவர்கள் வெளியேறியது பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். என் இரண்டாம் ஆண்டில், வாக்குப்பதிவு “ஞாயிறு நள்ளிரவோடு முடியும்” என்று அறிவித்திருந்தேன். என் கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்தபோது 24-க்கு 23. 12.07-க்கு டொரண்டோவிலிருந்து ஒரு ஓட்டு வந்தது. அவருக்கு அது ஞாயிறு பிற்பகல். சேர்த்தால் 24-க்கு 24. எந்த ஊர் நள்ளிரவு என்று நான் எழுதவில்லை, சமன் ஆனால் என்ன செய்வது என்றும் விதியில் இல்லை. முன்னிலையில் இருந்தவர் எனக்கு நெருங்கிய நண்பர் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் என்ன சொன்னாலும் சந்தேகம் வரும் நிலை. அப்போது அந்த நண்பரே பொது அரட்டையில் எழுதினார்: “அறிவிப்பைப் படித்து நானும் குழம்பினேன். அவர் ஓட்டு செல்லும்.” இரண்டு நாள் கழித்து, உலகப் பொது நேரம் குறிப்பிட்டு மறு வாக்கெடுப்பு வைத்தோம். நான்கு ஓட்டில் அவர் தோற்றார். தோற்ற மறுநாள், புதிய தலைவர் அவரையே வெளியுறவுப் பொறுப்புக்கு வரச்சொன்னார், போனார். அந்த அணியில் ஒருவர்கூட வெளியேறவில்லை.

எண்ணிக்கையை நம்பினால் மட்டும் தோற்றவர்கள் தங்கிவிடுவதில்லை. தோற்ற பிறகும் செய்ய ஒரு வேலை இருக்க வேண்டும். அதனால் மேயரோடு ஐந்து பேர் கொண்ட நகர மன்றத்தையும் தேர்ந்தெடுங்கள். பதவிக்காலத்தை இரண்டு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். அடுத்த வாய்ப்பு கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மனிதர்கள் காத்திருப்பார்கள் என்பது நான் கண்டது. ஆனால் உங்களிடமிருந்து போனவர்கள் தோல்வியால்தான் போனார்களா, தேர்தல் பரபரப்புக்காகவே வந்து அது முடிந்ததும் போனார்களா என்பதை இங்கிருந்து நான் சொல்ல முடியாது. அவர்களில் இருவரிடமாவது நேரில் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கதைக்குள் மேயர் ஊழல் செய்யலாம், லஞ்சம் வாங்கலாம், கட்சி தாவலாம், அதெல்லாம் சுவைதான். ஈவில் 2009-இல் ஒரு பெரும் கூட்டணியின் இயக்குநர் எதிரணிக்குத் தாவி, போகும்போது கூட்டணியையே கலைத்துவிட்டுப் போனார். நிறுவனம் அதை விளையாட்டின் பகுதியாகவே விட்டது. ஆனால் வாக்கு எண்ணிக்கை கதைக்கு வெளியே, போட்டியிடாத ஒருவரின் கையில் இருக்க வேண்டும். முறைகேடான தேர்தல்தான் கதை என்றால் எல்லோரிடமும் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். நிஜக் கட்சிகளின் பெயர், கொடி, சாதி எதையும் உள்ளே விடாதீர்கள். வந்த அன்றே கதாபாத்திரம் செத்துவிடும், மனிதர்கள் மோதுவார்கள். உங்கள் சர்வரில் பள்ளி மாணவர்களும் இருப்பதாக எழுதியிருப்பதால் இதில் கண்டிப்பாக இருங்கள்.

அடுத்த தேர்தலை அறிவிக்கும் முன் நிர்வாகிகளை உட்காரவைத்து ஒரே ஒரு தாள் எழுதுங்கள். வரி, நில ஒதுக்கீடு, காவலர் நியமனம், அபராதம், பொதுக் கருவூலம் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே முடிவெடுப்பவர் மேயரா நிர்வாகியா என்று குறியுங்கள். நிர்வாகி குறுக்கிட்டால் எத்தனை நாளுக்குள், எந்த வடிவில் காரணம் சொல்ல வேண்டும் என்பதையும் சேருங்கள். வரிக்கு எதிரே நிர்வாகி தன் பெயரை எழுதினால் அதை வீரர்களுக்கு அப்படியே சொல்லிவிட்டு, பதவியின் பெயரை நகரப் பிரதிநிதி என்று மாற்றுங்கள். அந்தத் தாள் தயாரானதும் இங்கேயே போடுங்கள், தேர்தல் விதிகளின் வரைவை அதற்கேற்ப நான் எழுதித் தருகிறேன்.